நெஞ்செரிச்சல் நின்னுபோச்சா? கொஞ்சம் நில்லுங்க!

நம்ம ஊர்ல தொப்புளுக்கு மேல, தொண்டைக்குக் கீழ எது எரிஞ்சாலும் ரெண்டே வியாதிதான் மக்களே. ஒண்ணு 'கேஸ்', இன்னொண்ணு 'அல்சர்'. மருந்துக்கடைக்காரர்தான் டாக்டர். ஒரு ஜெலுசில், இல்லேன்னா வெறும் வயித்துல ஒரு மாத்திரை. எரிச்சல் நின்னுடும். நாமளும் அடுத்த புரோட்டாவுக்கு ரெடி :-)

ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. பத்து வருஷமா இதையே பண்ணிக்கிட்டிருக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எரிச்சல் நின்னுட்டதாலேயே எல்லாம் சரியாயிடுச்சுன்னு முடிவு கட்டக்கூடாதுங்கறது என் கருத்து.

ஏன்னு கேட்டா, இரைப்பையோட உள்படலம் அமிலத்தைத் தாங்கும், உணவுக்குழாயோடது தாங்காது. ரெண்டும் சேர்ற இடத்துல இருக்கிற வளையத் தசை தளர்ந்துபோய், அமிலம் வருஷக்கணக்கா மேல ஏறினா, சிலருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி ஆளே மாறிடுது. வெளிறின பழைய படலம் போய், குடலில் இருக்கிற மாதிரி செல்களோட செக்கச்செவேல்னு ஒரு புதுப் படலம் வந்துடுது. இதுக்குப் பேர் 'பாரெட் உணவுக்குழாய்'. இந்தப் புதுப் படலத்துக்கு அமிலம் அவ்வளவா உறைக்காது. அதனால சில பேருக்கு எரிச்சல் குறைஞ்சே போகும். நாம அதை 'குணம்'னு நினைச்சுக்குவோம்!

பேர் கொடுத்த நார்மன் பாரெட் லண்டன் சர்ஜன். 1950-ல எழுதினப்போ, இது மேலே இழுக்கப்பட்ட இரைப்பைன்னுதான் சொன்னார். 1953-ல அல்லிசன், ஜான்ஸ்டன்னு ரெண்டு பேர் 'இல்லை, இது உணவுக்குழாய்தான்'னு காட்டினாங்க. 1957-ல பாரெட்டும் ஒத்துக்கிட்டார். பார்த்துப் பார்த்துப் பழகினவருக்கே அப்படின்னா, கடையில நின்னபடி நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"வயித்துக்கு ஸ்கேன் எடுத்தேன், நார்மல்"னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஸ்கேன்ல இது தெரியாது. எண்டோஸ்கோப்பி பண்ணி, துளி சதை எடுத்து, மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் உறுதி. 'டியூப் விடுவாங்க'ன்னு பயப்படாதீங்க, சில நிமிஷ வேலை.

அதுக்காக எல்லாரும் நாளைக்கே ஓட வேண்டாம். வருஷக்கணக்கா நெஞ்செரிச்சல், அதோட வயசு 50-க்கு மேல, ஆண், தொப்பை, சிகரெட், குடும்பத்துல யாருக்காவது இந்தத் தொல்லை... இதுல மூணு சேர்ந்தா டாக்டர்கிட்ட பேசுங்க. சாப்பாடு இறங்காம அடைச்சாலோ, எடை தானா குறைஞ்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ கணக்கே பார்க்காதீங்க, உடனே போங்க.

பாரெட்னு ரிப்போர்ட் வந்தாலும் இடிஞ்சு போகாதீங்க. 2011-ல வந்த டென்மார்க் ஆய்வுப்படி, இது புற்றுநோயா மாறுறது வருஷத்துக்கு 0.12 சதவீதம். அதாவது ஆயிரத்துல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல. செல்கள் தாறுமாறா மாற ஆரம்பிச்சா ஆபத்து கூடும்தான். ஆனா அந்தக் கட்டத்துலயே அந்தப் படலத்தை எண்டோஸ்கோப்பி வழியா சுட்டு அகற்ற முடியும். முன்கூட்டியே பார்த்தவங்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. மாத்திரை போட்டுட்டு சும்மா இருந்தவங்களுக்கு இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. இதைப் படிச்சுட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. நான் சொல்றது மாத்திரை வேண்டாம்னு இல்லை, ஒரு தடவை உள்ளே பார்த்துடுங்கன்னுதான்.