வாட்ச் கீறலுக்கு டூத் பேஸ்ட் போடலாமா?

வெள்ளிக் கொலுசைப் பளபளப்பாக்கும் டூத் பேஸ்ட், கறுப்பு ஸ்மார்ட் வாட்ச்சுக்கு மட்டும் வேண்டாம்!

அந்தக் கறுப்பு நிறம், உலோகத்தின் மேல் சில மைக்ரான் தடிமனே உள்ள கோட்டிங். 2015-ல் வந்த ஆப்பிளின் 'ஸ்பேஸ் பிளாக்' ஸ்டீல் வாட்ச்சில் இருந்தது 'டிஎல்சி'. அதாவது, வைரம் போன்ற கார்பன் பூச்சு. 2024-ல் வந்த கறுப்பு டைட்டானியம் 'அல்ட்ரா 2'-விலும் இதே வகைதான். ஸ்டீலைவிடக் கடினமானது என்பதால், சாவி, சில்லறை உரசினால் எளிதில் கீறல் விழாது.

ஆனால், கதவு நிலையில் பலமாக இடித்தால், அடியில் உள்ள உலோகம் நசுங்கி, கோட்டிங் பெயரலாம். சாதா ஸ்டீல் போல பாலிஷ் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. தேய்த்தால் மிச்ச நிறமும் மங்கலாம்.

என்ன செய்யலாம்?

* வெள்ளைக் கோடு தெரிந்தால் பதறாதீர்கள். வேறு உலோகம் உரசி ஒட்டிய தடமாகவும் இருக்கலாம். மெல்லிய ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

* பீச்சுக்குப் போய் வந்ததும் துடைக்காதீர்கள். மணலே உப்புத்தாள் போலக் கீறும். வாட்டர் ரெசிஸ்டன்ட் வாட்ச் என்றால், முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

* அடிக்கடி இடித்துக்கொள்பவரா? கேஸ் கவர் போட்டுவிடுங்கள். பூச்சு உரசலைத் தாங்கும், இடியைத் தாங்காது!