குரலை வெட்டும் கத்தி



இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நாடகங்களைக் கேட்டவாறே இரவுச் சமையலை முடித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கதவு திறக்கும் ஓசை கேட்டதும் 'யாரோ வந்துவிட்டார்கள்' என்று மனம் துணுக்குறும். உண்மையில் அங்கே கதவுமில்லை, வந்தவருமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் சிலர் கடதாசியைப் பார்த்து வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். பின் அந்த வீடு நம் மனக்கண்ணில் எவ்வாறு எழுகிறது?

நடிகர்களின் குரல் பாதி வேலையைச் செய்கிறது. மீதி, பதிவானதை வெட்டி ஒட்டித் தொகுப்பவரின் கையில் இருக்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். "வாப்பா எப்ப வருவாரு உம்மா?" என்று மகள் கேட்கிறாள். "வருவாரு மகள்" என்கிறாள் தாய். இரண்டு வசனங்களையும் நெருக்கி ஒட்டினால் அது சாதாரணப் பேச்சு. நடுவே ஒரு நொடி மௌனம் விட்டு, அதில் சட்டியின் மூடியை மெல்ல வைக்கும் ஓசையை மட்டும் சேர்த்தால், வாப்பா வரமாட்டார் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆகவேதான் நல்ல தொகுப்பாளர் முதலில் பேச்சை ஒழுங்கு செய்வார், மூச்சுக்கு இடம் விடுவார், அதன் பின்னரே ஓசைகளைச் சேர்ப்பார்.

ஓசைகளும் விசித்திரமானவை. நிஜ மழையைப் பதிவு செய்தால் எண்ணெயில் ஏதோ பொரிவது போல் கேட்கும். சுளகில் காய்ந்த கடலையைச் சாய்த்து உருட்டினால் கடலலை. இரண்டு சிரட்டைகளைத் தட்டினால் குதிரைக் குளம்பு.

1957 ஜனவரி 13ஆம் திகதி பீ.பீ.ஸீ. வானொலி, சாமுவேல் பெக்கெட்டின் 'ஆல் தட் ஃபால்' நாடகத்தை ஒலிபரப்பியது. வயோதிப மாது ஒருத்தி, பார்வையற்ற கணவரை அழைத்துவரக் கிராமத்துப் பாதையில் தள்ளாடியபடி புகையிரத நிலையம் செல்கிறாள். அதில் வரும் ஆடு, மாடு, சேவல் ஒலிகளை மனிதர்களே எழுப்பினார்கள். அம்மாதின் மனதுக்குள் கேட்கும் உலகத்தையே கேட்போரும் கேட்க வேண்டுமென்பது நோக்கம். இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாக 1958இல் அந்நிறுவனம் ஒலிகளுக்கென்றே தனிப் பட்டறை ஒன்றை அமைத்தது.

அக்காலத்தில் வானொலி நிலையங்களின் ஒலிநாடா நொடிக்கு 38 சென்றிமீற்றர் ஓடியது. அரை நொடி மௌனம் என்றால் 19 சென்றிமீற்றர் நாடா. அதைப் பிளேட்டால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். கைத்தேர்ச்சி வேண்டிய தொழில் அது. இன்றோ பாடசாலைப் பிள்ளையும் கைத்தொலைபேசியில் அதைச் செய்துவிடுகிறது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம் தமிழில் 'ஆம்', 'இல்லை' என்பது பெரும்பாலும் வசனத்தின் கடைசியில்தான் வரும். "காசை அவள்தான் எடுத்தாள் என்று நான் சொல்லமாட்டேன்" என்று ஒருவர் பேசியிருக்கிறார். கடைசி மூன்று சொற்களை வெட்டிவிடுங்கள். எஞ்சுவது என்ன? ஒரு பெண்ணின் மீது திருட்டுப் பழி! குரலும் அவருடையதே, சொற்களும் அவருடையவையே.

நாடகத்தில் இந்த வெட்டு ஒரு கலை. கேட்பவருக்கு அது கதையென்று தெரியும். மனிதரின் நிஜப் பேச்சில் அதே வெட்டு அநியாயமாகிவிடும். எனவே யாருடையவோ துண்டுக் குரல் உங்கள் தொலைபேசிக்கு வந்தால், "இதற்கு முன் என்ன சொன்னார்? பின் என்ன சொன்னார்?" என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். முழுப் பேச்சும் கிடைக்கும்வரை அது உங்கள் வீட்டு வாசலைத் தாண்டாதிருக்கட்டும்.