பெட்டி கூடினா சிக்னல் கூடுமா?

சிங்கவரம் குன்றுல, குடைவரைக்குள்ள பள்ளிகொண்ட ரங்கநாதர் பல்லவர் காலத்துலேர்ந்து இடம் மாறல. அவரைச் சேவிச்சுட்டு இறங்கி, செஞ்சி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனா, மண்டபத்துல என் போன் அஞ்சு நிமிஷத்துல நாலு தடவை இடம் மாறுது! சிங்கப்பூர்ல இருக்குற தம்பிக்கு வீடியோ கால்ல முகூர்த்தத்தைக் காட்டினேன். கெட்டிமேளம் கேட்டுச்சாம், தாலியக் காணோமாம்.

மண்டபக்காரர்கிட்ட கேட்டேன். "மூணு வைஃபை பெட்டி இருக்கு சார், இன்னொண்ணு போட்டுட்டா சரியாயிடும்"ங்கிறார். இந்த வைத்தியத்தைத்தான் இன்னிக்குத் திட்டப் போறேன்.

மக்கா, நோயே அதுதான். ஒரே ஹால்ல மூணு பெட்டி, மூணும் முழு பவர்ல கத்துது. நடுவுல நிக்கிற போனுக்கு மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். குறுக்க ஒரு ஆள் பந்திக்குப் போனாலே ஒரு பக்க சிக்னல் கொஞ்சம் இறங்கும். உடனே போன் அடுத்ததுக்குத் தாவும். அவர் நகர்ந்ததும் திரும்பித் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் சேனல் சேனலா காது வெச்சுத் தேடணும், புதுப் பெட்டிகிட்ட சாவி சரிபார்க்கணும். சில நூறு மில்லி வினாடி போனாலே படம் உறைஞ்சிடும்.

செல்போன் டவர்ல எப்ப மாறணும்னு நெட்வொர்க் முடிவு பண்ணும். புது டவர் இத்தனை டிபி கூடுதலா இருக்கணும், அதுவும் இவ்வளவு நேரம் தொடர்ந்து இருக்கணும்னு ரெண்டு கடிவாளம் உண்டு. வைஃபையில முடிவு போன் கையில. ஆப்பிள் சொல்ற கணக்கு: ஐபோன் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழ போனாத்தான் தேடவே ஆரம்பிக்கும், டேட்டா ஓடும்போது புதுசு 8 டிபி, சும்மா இருந்தா 12 டிபி தேவலையா இருந்தாத்தான் தாவும். எல்லா போனுக்கும் இந்தப் பொறுமை கிடையாது.

"அப்ப தாவவே கூடாதா?"ன்னு கேக்காதீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் போயிட்டா தாவித்தான் ஆகணும். செத்த சிக்னலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்குறதும் தப்புதான். நான் எதிர்க்கிறது வெட்டித் தாவலை.

செலவில்லாத மருந்து இருக்கு. பவரைக் குறைங்க. ஹாலுக்கு ஒண்ணு, பந்திக் கூடத்துக்கு ஒண்ணுன்னு சுவர் பார்த்துப் பிரிச்சு வைங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11னு தனித்தனி சேனல் கொடுங்க. தாவல் நேரத்தைக் குறைக்கிற 802.11ஆர் 2008லயே வந்தாச்சு. பெட்டியில இருந்தா போட்டுவிடுங்க. மிச்சப் பெட்டியைக் கழட்டுங்க.

விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. கழட்டுறதுக்கு பில் போட முடியாதே!

டிஸ்கி: தம்பிக்குத் தாலி கட்டுறதை அப்புறம் போட்டோவுல காட்டினேன். ஆல்பம் வேற இடத்துக்குத் தாவல.