பெட்டி செய்த பையனும், உளியைத் தொடவிடாத அப்பாவும்

1/
நேத்து ராத்திரி கேஷுவாலிட்டி டூட்டி முடிச்சு வந்து போனைப் பார்த்தா, காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர் போட்டோ அனுப்பியிருந்தார். பிளாப் எழுதி இங்கிலாந்து போனவர். என்ஹெச்எஸ்ஸில் வேலை. போட்டோவில் அவர் மகன், 16 வயசு, ஒரு கறுப்புப் பெட்டி பக்கத்தில் நிக்கிறான். கீழே ஒரு வரி:
"படிக்க அனுப்பினா ஆசாரி வேலை பார்த்துட்டு வந்திருக்கான் தம்பி."

2/
அண்ணன் விளையாட்டாத்தான் சொன்னார். கூடவே சிரிக்கிற பொம்மை மூணு போட்டிருந்தார். நல்ல மனுஷன். எனக்குச் சிரிப்பு வரல.
ஏன்னா எங்க அப்பா தச்சர்.
இந்த இழையில் அந்தப் பெட்டியைப் பற்றியும், நம்ம பிள்ளைகளின் கைகளைப் பற்றியும் கொஞ்சம் பேசணும். நீளமாத்தான் இருக்கும். பொறுமையாப் படிங்க.

3/
முதல்ல அது என்ன பெட்டி? கிட்டார் ஸ்பீக்கர் கேபினெட். எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் ஆம்ப்ளிஃபயர் வழியா வந்து, கடைசியில் வெளியே கேட்பது இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் இருந்துதான். இந்தப் பையன் செய்தது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைக்கும் பெட்டி. 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். பள்ளி மரவேலைப் பட்டறையில் அவனே அறுத்து, ஒட்டி, இழைச்சிருக்கான்.

4/
"ஸ்பீக்கருக்கு எதுக்குப் பெட்டி? அப்படியே ஒயர் கொடுத்தாப் பாடாதா?"
பாடும். ஆனா சோகையாப் பாடும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்கும், அதே நேரம் பின்பக்கக் காற்று விரியும். முன் அலையும் பின் அலையும் நேர் எதிர். ரெண்டும் கலந்தா, முக்கியமா அடிநாத ஒலிகள், ஒன்றை ஒன்று தின்றுவிடும். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 4 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளமான அலை சின்ன ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுலபமாச் சுற்றி வந்துடும். நடுவில் பலகை வைத்து அதைத் தடுப்பதுதான் பெட்டியின் முதல் வேலை.

5/
அண்ணன்கிட்ட போனில் கேட்டேன், "பையன் எங்கயாவது சொதப்பினானா?" அவர் பையன்கிட்டயே போனைக் கொடுத்துட்டார். அடுத்த 40 நிமிஷம் அவன் பேசினான் பாருங்க!
முதல் பலகை வீணாப் போச்சாம். 12 அங்குல ஸ்பீக்கர்னு சொன்னதும் 12 அங்குல ஓட்டை போட்டுட்டான். ஸ்பீக்கர் நேரா உள்ளே விழுந்துடுச்சு. 12 அங்குலம் என்பது இரும்புச் சட்டத்தின் வெளி விட்டம். ஓட்டை சுமார் 11 அங்குலம்தான் இருக்கணும். அப்பத்தான் சட்டம் பலகை மேல் உட்கார்ந்து திருகு பிடிக்கும்.
"அங்கிள், இப்ப எதை வெட்டுறதுக்கு முன்னாடியும் பொருளைக் கையில வெச்சு ரெண்டு தடவை அளக்கிறேன்."

6/
ரெண்டாவது தப்பு எனக்கு இன்னும் பிடிச்சுது. பெட்டி முடிஞ்சு வாசிச்சுப் பார்த்தா, ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் "டர்ர்ர்"னு ஓர் அதிர்வு. மற்ற ஸ்வரங்களில் இல்லை. என்ன செஞ்சான்? நண்பனை அந்த ஸ்வரத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, இவன் ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்திருக்கான். பின்பலகையின் கீழ் மூலையை அழுத்தினா சத்தம் நின்னுது. அங்கே ஒரு திருகு சரியாப் பிடிக்கல. அதிகமா முறுக்கினதில் பிளைவுட்டில் மரை தேய்ந்து போயிருக்கு.

7/
மருத்துவர்களே, இதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல? அறிகுறியை மறுபடி வரவழைக்கிறது, ஒவ்வொரு இடமா ஒதுக்கிக்கிட்டே வர்றது, கடைசியில் கை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கிறது. மூணாம் வருஷ வார்டில் நாங்க ராப்பகலாப் படிச்சது இதைத்தான். இவன் 16 வயசில் ஒரு மரப்பெட்டி கிட்ட படிச்சிருக்கான்.

8/
இது வெறும் உவமை இல்லீங்க. நெஞ்சில் விரலால் தட்டிப் பார்க்கும் பரிசோதனையை 1761-ல் எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஆவன்புருகர். அப்பா விடுதி நடத்தியவர். ஒயின் பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று சொல்வார்கள்.
1816-ல் பாரீஸில் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த ரெனே லேனெக், முதலில் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அப்புறம் மரத்தில் குழாய் செய்தார். யாரிடமும் கொடுத்துச் செய்யவில்லை, தானே கடைசல் பிடித்தார். அவர் புல்லாங்குழல் வாசிப்பவர். மரமும் காற்றும் ஒலியும் அவருக்குக் கைப்பழக்கம். என் கழுத்தில் தொங்கும் கருவிக்கு மூதாதை ஒரு மருத்துவரின் மரவேலை.

9/
இப்ப அப்பா கதைக்கு வர்றேன். வீட்டு முன்னாடியே பட்டறை. உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் சுவரில் வரிசையா மாட்டியிருக்கும். நான் உளியைத் தொட்டால் போதும், அடி விழும். "இது உனக்கு வேண்டாம். போய்ப் புத்தகத்தை எடு." ஒரு நாற்காலி கூட என்னைச் செய்ய விட்டதில்லை. அவர் அந்த உளியை ஆசைப்பட்டு எடுக்கலை. அவர் அப்பா கையில் இருந்தது, இவர் கைக்கு வந்தது. என் கையோடு அது நிக்கணும்னு நினைச்சார். தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

10/
பலன் என்ன தெரியுமா? தச்சர் மகன் நான் ஹவுஸ் சர்ஜனாகி முதல் தையல் போட்டபோது என் கை ஆடின ஆட்டத்தை ஓடி என்ற ஓ.டி. சிஸ்டர் ரொம்ப நாள் சொல்லிச் சிரிச்சாங்க. ஊசி தோலுக்குள் செங்குத்தா இறங்கணும்னு புத்தகத்தில் படிச்சிருந்தேன். முடிச்சை அதிகமா இறுக்கினா ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்துடும், தளர்வா விட்டா காயம் திறந்துக்கும்னு பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். எவ்வளவு இறுக்கம் சரி என்பது மட்டும் என் விரலுக்குத் தெரியல. திருகை அதிகமா முறுக்கி மரை தேய்த்த அந்தப் பையனுக்கு அது இப்பவே தெரியும்.

11/
இது என் ஒருத்தன் குறை இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அறுவை சிகிச்சைக் கல்விப் பேராசிரியர் ரோஜர் நீபோன் 2018-ல் வெளிப்படையாவே இதைச் சொன்னார். மாணவர்கள் தேர்வில் கெட்டிக்காரர்களா வருகிறார்கள், ஆனால் வெட்டுவது, தைப்பது, கையால் ஒன்றைச் செய்வது என்று வந்தால் திணறுகிறார்கள், சின்ன வயதில் கைவேலைப் பழக்கம் குறைந்து போனதே காரணம் என்பது அவர் கவலை. பள்ளியில் மரவேலை சொல்லித்தரும் நாட்டிலேயே இந்த நிலை. நம்ம கதையை நீங்களே யோசிச்சுக்கோங்க.

12/
"கைவேலை பார்த்தா படிப்பு கெடும்" என்பவர்களுக்கு ஓர் உதாரணம். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே. 1963-ல் பள்ளி மாணவனா இருந்தபோது, கிட்டார் வாங்கக் காசில்லாம, அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்று செய்ய ஆரம்பித்தார். பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்ட மரம், மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கிட்டாரோடுதான் உலகம் சுற்றினார். அதே மனிதர் 2007-ல் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.
அதே குழுவின் ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடைத்த சர்க்யூட் போர்டை ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர், அவர்கள் இசைத்தட்டுகளிலேயே ஒலிக்கிறது.

13/
இங்கிலாந்தில் 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' என்று ஒரு ஜிசிஎஸ்இ பாடம். அதில் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. மீதிப் பாதி, மாணவன் தானே திட்டமிட்டுச் செய்யும் ஒரு பொருளுக்கு. யாருக்காகச் செய்கிறாய், ஏன் இந்த மரம், எங்கே தவறினாய், எப்படித் திருத்தினாய், எல்லாம் எழுதிக் கொடுக்கணும். வீணாப் போன அந்தப் பலகையின் போட்டோவும் இவன் கோப்பில் இருக்கு. செஞ்ச தப்பை எழுதினா மார்க் கிடைக்கும் பாடம்! நம்ம பரீட்சையில் தப்பை அடிச்சு மறைக்கத்தானே சொல்லிக் கொடுத்தோம்?
அங்கேயும் இந்தப் பாடம் 2004-க்குப் பிறகு கட்டாயம் இல்லை, எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிடறேன்.

14/
இப்ப கமெண்டில் வரப்போற கேள்வி தெரியும். "டாக்டர், இது குலக்கல்வி ஆச்சே?"
நியாயமான பயம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நேரம்தான் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்துப் போராடினார்கள். 1954-ல் காமராஜர் முதல்வராகி அதை ரத்து செய்தார். அது ரத்தாகாமல் இருந்திருந்தா இந்த இழையை எழுத நான் எம்பிபிஎஸ் படிச்சிருப்பேனா என்பதே சந்தேகம்.

15/
ஆனா அங்கே தப்பு உளியில் இல்லை. யார் கையில் உளி, யார் கையில் பேனா என்பதைப் பிறப்பு முடிவு செய்ததுதான் தப்பு. தச்சர் பிள்ளைக்கு மட்டும் உளி கொடுத்தா அது குலக்கல்வி. டாக்டர் பிள்ளை, கலெக்டர் பிள்ளை, தச்சர் பிள்ளை மூணு பேரும் ஒரே பெஞ்சில் நின்னு, ஒரே பலகையை அறுத்து, ஒரே மார்க்குக்கு வேர்வை சிந்தினா, அது குலக்கல்விக்கு நேர் எதிர். கூடவே ஒரு நிபந்தனை: படிப்பு நேரத்தில் ஒரு மணி கூடக் குறையக் கூடாது.
ஃபின்லாந்தில் 1866-லேயே கைவேலையைப் பள்ளிப் பாடம் ஆக்கினார்கள். இன்னிக்கும் அங்கே ஆண், பெண் எல்லாருக்கும் அது பொதுப் பாடம்.

16/
நம்ம வீடுகளில் ரெண்டு விதப் பிள்ளைகள் வளர்றாங்க. ஒரு பக்கம், அப்பாவால் உளியிலிருந்து காப்பாற்றப்பட்ட என்னைப் போன்றவர்கள். இன்னொரு பக்கம், உளி பிடிப்பதே கேவலம்னு கேட்டு வளர்ந்தவர்கள். ரெண்டு பேரும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாமல் வந்து சேருவது ஒரே ஹாஸ்டலில்தான். முதல் கூட்டத்துக்குக் கை மட்டும்தான் போச்சு. ரெண்டாவது கூட்டத்துக்குக் கையோடு மரியாதையும் போச்சு. மரவேலை செய்யறவர் காயத்தோட கேஷுவாலிட்டி வந்தா, "பார்த்து வேலை செய்ய மாட்டியா"ன்னு ஒருமையில் கேட்கும் பயிற்சி டாக்டரை நான் பார்த்திருக்கேன். ஒரு பலகையை ஒரு தடவை நேரா அறுத்துப் பார்த்திருந்தா, அந்தக் குரல் வந்திருக்காது.

17/
டாக்டரா ரெண்டு எச்சரிக்கை சொல்லாம விட்டா தப்பு.
ஒன்று, மரத்தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கு. மூக்கு, மூக்கைச் சுற்றிய காற்றறைகளில் வருவது. வருஷக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து, ஆனா பழக்கம் முதல் நாளே வரணும். சரியான மாஸ்க், தூசி உறிஞ்சும் இயந்திரம், கண்ணாடி. எங்க அப்பா வாழ்நாள் முழுக்கத் தோளில் கிடந்த துண்டைத்தான் மூக்கில் கட்டினார்.

18/
ரெண்டு, காது. கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் வெறும் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில், 97 முதல் 100 டெசிபல் வரை கத்தும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் சுமார் 15 நிமிஷம்தான். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், தன் காது கேளாமையையும் ஓயாத இரைச்சலையும் பற்றி வெளிப்படையாவே பேசியிருக்கார். உள்காதில் செத்துப்போன முடி செல்கள் மறுபடி முளைக்காது. பையனுக்கு இயர் பிளக் வாங்கிக் கொடுக்கச் சொல்லிட்டேன்.

19/
என்ன செய்யலாம்? எல்லாரும் கிட்டார் பெட்டி செய்யணும்னு சொல்லல. எட்டாவது, ஒன்பதாவதில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை செய்யட்டும். புத்தக அலமாரியோ, ரேடியோ பெட்டியோ, எதுவா இருந்தாலும் சரி. அரசு ஐடிஐகளில் பட்டறையும் பயிற்றுநரும் இருக்காங்க, பக்கத்துப் பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் திறந்து விடலாம். ஊர்த் தச்சரை அழைத்துச் சொல்லித்தர வைத்தால், சம்பளம் கொடுத்து, 'சார்' என்று கூப்பிட்டு வைக்கணும். தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே விதி. ஒரு தரப்புக்கு மட்டும்னா, நானே முதல் ஆளா எதிர்ப்பேன்.

20/
அண்ணனுக்கு ராத்திரியே பதில் போட்டேன்: "அண்ணே, எங்க அப்பா 40 வருஷம் பார்த்த வேலையை உங்க பையன் ஒரு பெட்டி அளவுக்குக் கத்துக்கிட்டான். எனக்கு அதுவும் தெரியாது."
ரொம்ப நேரம் ரெண்டு நீல டிக் மட்டும்தான் இருந்தது. காலையில் ஒரு வரி வந்தது: "தப்பா சொல்லிட்டேன் தம்பி. மன்னிச்சிரு. அப்பாகிட்ட அந்த போட்டோவைக் காட்டு."

21/
காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டு, போட்டோவைப் பெரிசாக்கி, மூலையை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். ரெண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி பல்லுப் பல்லா வெட்டிச் சேர்த்த மூலை.
"இந்த மூட்டு சுத்தமா இருக்கு. யார் பிள்ளை?"
"டாக்டர் பிள்ளைப்பா."
அவர் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஞாயித்துக்கிழமை டூட்டி இல்லைன்னா உன் பொண்ணைக் கூட்டிட்டு வா. சின்ன ரம்பம் ஒண்ணு இருக்கு"ன்னார்.
போறோம். மாஸ்க்கோட.