மனச்சாட்சியும் ராஜத்துரோகமும்

1566-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் ஆக்ஸ்போர்டுக்கு விஜயம் செய்தபோது, அவர் சந்நிதானத்தில் வாதம் புரிந்து பாராட்டுப் பெற்ற எட்மண்ட் காம்பியன் என்னும் இளம் பண்டிதர், தம்மை எதிர்நோக்கியிருந்த பதவிகளையெல்லாம் கத்தோலிக்க விசுவாசத்தின்பொருட்டுத் துறந்து, கடல் கடந்து சென்று இயேசு சபையில் சேர்ந்து, பிராக் நகரில் குருப்பட்டம் பெற்று, 1580-இல் நகை வியாபாரியின் வேஷத்தில் தாயகம் திரும்பினார். மறுவருஷமே சிறைப்பட்டு, லண்டன் கோட்டையில் அங்கங்களை இழுத்து வதைக்கும் யந்திரத்தில் கிடத்தப்பட்ட அவர், நியாயஸ்தலத்தில் கையை உயர்த்தவும் சக்தியற்று நிற்க, உடன் நின்ற கைதி ஒருவரே அக்கையைத் தூக்கிப் பிடிக்க நேர்ந்தது. 1570-இல் போப்பாண்டவர் அரசியாரைக் கத்தோலிக்கத் திருச்சபையினின்று விலக்கியதனால் அரசாங்கத்துக்கு உண்டான அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. ஆயினும், பூசை நிறைவேற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் வந்த ஒருவரை, அரசியாருக்காகவே பிரார்த்தித்தவரை, ராஜத்துரோகி என்று 1581 டிசம்பர் 1-ஆம் தேதி டைபர்னில் தூக்கிலிட்டது அநீதியே. அதற்கு முன் மேரி அரசியாரின் ஆட்சியில் புராட்டஸ்டண்டுகள் நெருப்பிலிடப்பட்டதும் இதே அநீதிதான். பிரஜையின் ராஜபக்தியை அவனுடைய நடத்தையால் அளக்காமல் அவன் வழிபடும் முறையால் அளக்கத் துணியும் அரசு, எந்த மதத்தின் பெயரால் நடப்பினும், தர்மத்தினின்று வழுவியதேயாகும்.