செம்பூஞ்சையின் எழுத்தும் பொருளும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழிப்பக்கம் அமைந்த மண்டகப்பட்டு என்னும் எங்கள் ஊரில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கற்கோயில் ஒன்றுண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகிய எவையுமின்றி அஃது அமைக்கப்பெற்றதென அங்குள்ள கல்வெட்டுக் கூறும். காண வருவோர் பலர் அவ்வெழுத்தைப் பார்த்து வியந்து மீள்வர். கிரந்த எழுத்தை அறிந்தவரும் வடமொழி அறியாராயின் ஒலிப்பாரேயன்றிப் பொருள் உணரார்.

உயிர்களின் உடலிலும் இத்தகையதோர் எழுத்து உண்டு. நான்கே எழுத்துகளால் இயன்ற அவ்வேட்டினை மரபணுத் தொகுதி என்பர். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டின் 1 கோடியே 20 இலட்சம் எழுத்துகள் 1996-ஆம் ஆண்டில் படித்து முடிக்கப்பட்டன. நம் நாட்டிலே, சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தார், ரோடோஸ்போரிடியம் டொருலாய்டிஸ் என்னும் செந்நிற ஈஸ்டுப் பூஞ்சையின் ஏறத்தாழ 2 கோடி எழுத்துகளைப் படித்து 2012-இல் வெளியிட்டனர். பெயர் நாவிற் புரளாதாயினும் அதன் செயல் வியக்கத்தக்கது. சர்க்கரை மிகுந்து நைட்ரசன் சத்துக் குறையுமாயின், அது பெருகுதலை விடுத்துக் கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கும்; உலர்ந்த எடையிற் பாதிக்கு மேலும் எண்ணெய் திரளும். அதன் செந்நிறமோ, கேரட்டுக்கு நிறந்தரும் கரோட்டின் இனத்தைச் சார்ந்தது.

எண்ணெயின் அருமையை நம் வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை வகைகள், ‘டி.எம்.வி.’ என அவ்வூரின் பெயர் தாங்கிப் பல இடங்களிலும் பரவின. அங்ஙனமிருந்தும் இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயிற் பாதிக்கு மேல் பிற நாடுகளிலிருந்தே வாங்குகின்றது. ஆதலின், இப்பூஞ்சையே எண்ணெய்க் குறை தீர்க்கும் என எவரேனும் உரைப்பின் யான் உடன்படேன். 100 கிலோ சர்க்கரையை ஊட்டினாலும் 30 கிலோவுக்கு மேல் எண்ணெய் பெறுதல் அரிது; நடைமுறையிற் கிடைப்பது அதனினும் குறைவு. கரும்பு விளைத்துச் சர்க்கரையாக்கி அதனைப் பூஞ்சைக்கு ஊட்டுதல், நெய்யை விற்று மோர் வாங்குவது போலாம்.

பின், மரபணுவைப் படித்ததன் பயன் யாது? பயிர்க் கழிவுகளில் சைலோசு என்னும் சர்க்கரை பிணைந்துள்ளது. ரொட்டி ஈஸ்டு இயல்பாக அதனை உண்ணாது. செம்பூஞ்சை மெல்ல உண்ணும். எம்மரபணு அதற்கு உதவுகின்றது, விரைந்து உண்ணவொட்டாமல் தடுப்பது யாது என அவ்வேட்டிலே தேடலாம். பிற உயிர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டுக் கணிப்பொறி ஒவ்வொன்றற்கும் பொருள் குறித்துத் தருகின்றது. அது முதற்குறிப்பேயன்றி முடிந்த உரையன்று. பழஞ்சுவடியிற் சொல்லைக் கண்டவுடனே தமக்குத் தோன்றிய பொருளை எழுதிவிடும் உரைகாரரை யான் பலகாற் கடிந்ததுண்டு. மரபணுவுக்கு உரை காண்பார்க்கும் அக்கண்டனம் பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தே தெளிதல் வேண்டும். புதுப்புதுப் பூஞ்சைகளைப் படித்து அடுக்குவதினும், படித்த ஒன்றன் பொருளை இறுதிவரை காண்பதற்கே பணமும் உழைப்பும் செலவிடத் தக்கன என்பது என் கருத்து.

எக்கழிவை ஊட்டுவது என்பதும் எண்ணற்பாலது. வைக்கோல் மாட்டுக்குரியது, அதிற் கைவைத்தல் ஆகாது. கரும்புச் சக்கையோ ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றது. வெட்டிய கரும்பின் தோகையைத்தான் வயலிலேயே கொளுத்திவிடுகின்றனர். முதலில் ஆய்ந்து பார்க்கத் தக்கது அதுவே.