ரவிக்கை மணிக்கும் ஊர்ப்பெயர் வேண்டும்

கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வது என் தொழில். மாகறலில் எங்கள் வீட்டில் தறி ஓடிய இடத்தில் இப்போது ஆரி ஸ்டாண்டு நிற்கிறது. காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுத்தவர்கள் ரவிக்கைத் துணியோடு என்னிடம் வருகிறார்கள். அந்தப் பட்டுக்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டு அசல்தானா என்று சொல்ல சில்க் மார்க் இருக்கிறது. சரிகைக்கென்றே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அரசு காஞ்சிபுரத்தில் நடத்துகிறது. அதே பட்டின் மேல் நான் தைக்கும் மணிக்கு மட்டும் ஊரும் இல்லை, பேரும் இல்லை. சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ் என்று எடை போட்டு வாங்குகிற பாக்கெட்டில் பெரும்பாலும் அளவு இருப்பதில்லை. கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பதைக்கூட நகத்தால் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இது மாற வேண்டும்.

மணியில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் ஸ்டாண்டின் முன் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆரி ஊசியில் மணியை ஏற்றித் துணியில் குத்தி, அடியில் பிடித்த நூலை வளையமாக மேலே இழுக்கும்போது, ஊசியில் இருந்த மணி வழுக்கி நூலில் இறங்கும். துளை மயிரிழை சிறுத்தாலும் மணி ஊசியில் ஏறாது. விளிம்பு சரியாக மழுங்காத மணி நாளாக நாளாக நூலை அறுக்கும். கை மடங்குகிற இடத்தில்தான் முதலில் உதிரும். மேலே சாயம் பூசிய மணியென்றால் அதைவிட மோசம். நான் தைத்த ஒரு ரவிக்கை சலவைக்குப் போய்த் திரும்பியபோது சிவப்பு மணியெல்லாம் வெளுத்து, அதன் சாயம் சந்தன நிறப் பட்டில் இறங்கியிருந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். மணி விற்ற கடையில் கேட்டால், பாக்கெட்டில் உத்தரவாதம் ஏதும் போட்டிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள்.

செக் நாட்டு மணியை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்குப் பட்டது அதன் ஒழுங்கு. கொஞ்சம் தட்டையான உருண்டை, ஊசி தடையில்லாமல் போகும் துளை. பெரும்பாலான வகைகளில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் எண் உண்டு. 11 என்றால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். எண் கூடக் கூட மணி சிறுக்கும். வட பொஹீமியாவின் யாப்லொனெட்ஸ் பகுதியில் விறகும் ஆற்று நீரும் தாராளமாக இருந்ததால் 16ஆம் நூற்றாண்டிலேயே கண்ணாடி உலைகள் வந்துவிட்டன. பிறகு குடிசைகளிலேயே மணி அறுத்துக் கோத்து உலகெங்கும் அனுப்பினார்கள். தொழில் சொல்லிக்கொடுக்க 1880இல் பள்ளி திறந்தார்கள். 1945க்குப் பின் அங்கிருந்த ஜெர்மன் மொழிக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் பவேரியாவுக்குப் போய், பழைய ஊரின் ஜெர்மன் பெயரையே வைத்து நொய்காப்லோன்ஸ் என்று புது ஊர் கட்டி அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். 2020இல், ஊதிய கண்ணாடி மணிகளைக் கொண்டு வட பொஹீமியாவில் கையால் செய்யும் கிறிஸ்துமஸ் அலங்காரத்தை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் வியந்து சொல்லும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது. குழாயாக இழுத்து அறுக்கும் சின்னக் கண்ணாடி மணி நம் கடற்கரையில் பழைய தொழில். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தார்கள். அங்கே மணி செய்ததற்கான தடயங்கள் ஏராளம். இந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருக்கின்றன. அறிஞர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ–பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார்.

அந்தக் கைமுறை நம் காலம் வரை பிழைத்து வந்த ஊர் பாப்பாநாயுடுபேட்டை. திருத்தணி, ரேணிகுண்டா வழியாகப் போனால் காளத்திக்கு இந்தப் பக்கம். இரும்புக் குழலின் நுனியில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, நடுவில் துளை விட்டு, உலையில் வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து கொக்கியால் இழுப்பார்கள். துளையோடு கூடிய நீளக் குழாய் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். பிறகு துண்டுகளாக அறுத்து, சாம்பலோடு சேர்த்துச் சுடுவார்கள். சாம்பல் துளையை அடைத்துக்கொள்வதால் துளை மூடாது, விளிம்பு மட்டும் உருகி மழுங்கும். செக் ஆலைகளில் சுழலும் உருளைக்குள் கரித்தூளும் சுண்ணாம்பும் செய்யும் வேலையும் இதேதான். மூளை நம்மிடமும் இருந்தது. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாமல் போனது அளவுக்கு எண்ணும், சொல்லிக்கொடுக்கப் பள்ளியும், விற்ற பொருளுக்குப் பொறுப்பும்.

இன்று எங்கள் மாகறலில் மட்டுமல்ல, மாவட்டம் முழுக்க பெண்கள் ஆரி கற்றுக்கொள்கிறார்கள். இத்தனை ஊசிகள் ஒரே நேரத்தில் மணி கேட்ட காலம் முன்பு இருந்ததா என்பது சந்தேகம். ஊர் ஊராக நடந்து பாசிமணி விற்ற நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மணி வியாபாரம் தெரிந்த அவர்களுக்கும் இந்தச் சந்தையில் பங்கு வேண்டும்.

ஆகவே கைத்தறித் துறையிடம் நான் கேட்பது இரண்டு. கண்ணாடியா பிளாஸ்டிக்கா, நிறம் உள்ளேயா மேலேயா, என்ன எண், எந்த ஊர் என்பது பாக்கெட்டில் இல்லாமல் மணி விற்கக் கூடாது என்று விதி கொண்டுவர வேண்டும். இழுக்கும் கை தெரிந்தவர்கள் இருக்கும்போதே பாப்பாநாயுடுபேட்டைக்கு ஆள் அனுப்பி, காஞ்சிபுரத்து ஆரிக்கு ஏற்ற 11ஆம் எண் மணியைச் செய்ய முன்பணத்தோடு ஆர்டர் கொடுக்க வேண்டும். முதல் மூட்டையை வாங்க நான் தயார்.